சின்ன வெப் ஆப்பை ஓப்பன் சோர்ஸாக வெளியிடுவது: நிரலைக் கொடுப்பது வேறு, சர்வரை ஓட்டுவது வேறு

நீங்கள் கேட்டிருப்பது மேலோட்டமாகப் பார்த்தால் நான்கு கேள்விகள். படித்த புத்தகங்களைக் குறித்து வைக்க ஓய்வு நேரத்தில் ஒரு வெப் ஆப் எழுதியிருக்கிறீர்கள், சில நண்பர்களும் அதில் கணக்கு வைத்திருக்கிறார்கள். இதை ஓப்பன் சோர்ஸாக (நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம், பயன்படுத்தலாம் என்று திறந்து) வெளியிடலாமா, எந்த லைசென்ஸ் போடுவது, யாராவது அப்படியே எடுத்துக் காசு பார்த்துவிட்டால் என்ன செய்வது, வெளியிடும் முன் ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் கருவியில் திரும்ப எழுதியாக வேண்டுமா. ஆனால் கடைசியில் போகிற போக்கில் இன்னொன்றும் எழுதியிருக்கிறீர்கள்: ஒரு வருடம் கழித்து இதைக் கவனிக்க நேரம் இல்லாமல் போனால் அசிங்கமாகிவிடாதா என்று. உங்களைத் தடுத்து நிறுத்தியிருப்பது அந்தக் கேள்விதான் என்று எனக்குத் தோன்றுகிறது. மற்ற நான்குக்கும் பதில் அதிலிருந்தே வரும், அதனால் அங்கிருந்து தொடங்குகிறேன். நான் வேலையாகவே வெப் ஆப் எழுதுபவன், பல வருடங்களாகச் சின்ன ஓப்பன் சோர்ஸ் திட்டங்களையும் பராமரித்து வருகிறேன். வக்கீல் இல்லை. அதனால் லைசென்ஸ் விஷயத்தில் எது அதிலேயே எழுதியிருக்கிறது, எது என் கணிப்பு என்று பிரித்தே சொல்கிறேன்.

முதலில் ஒரு முடிச்சை அவிழ்த்துக்கொள்வோம். நீங்கள் "வெளியிடுவது" என்று ஒரே சொல்லில் சொல்வது இரண்டு வேலைகளை. ஒன்று, எழுதிய நிரலை மற்றவர்கள் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று திறந்து வைப்பது. இன்னொன்று, அந்த ஆப்பை ஒரு சர்வரில் ஓட்டி, மற்றவர்களின் தகவலை வாங்கி வைத்து, அது தொலையாமலும் கசியாமலும் பார்த்துக்கொள்வது. வீட்டு வரைபடத்தை ஒருவருக்குக் கொடுப்பதற்கும், வீட்டைக் கட்டி வாடகைக்கு விட்டு ராத்திரி குழாய் உடைந்தாலும் ஓடிப்போய் நிற்பதற்கும் உள்ள வித்தியாசம் இது. முதலாவதில் உங்களுக்குக் கடமை என்று கிட்டத்தட்ட எதுவும் இல்லை. இரண்டாவதில் ஒரே ஒரு பயனர் இருந்தாலும் கடமை உண்டு. நான் பார்த்தவரை, சைடு ப்ராஜெக்ட் நடத்தி நொந்துபோகிறவர்களில் பெரும்பாலானோர் இரண்டையும் ஒன்றாகக் கட்டிக்கொண்டவர்கள்தான்.

கடமை இல்லை என்று சொன்னது சமாதானத்துக்காக இல்லை. எம்ஐடி என்ற பிரபலமான ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸை எடுத்துப் பாருங்கள், மொத்தமே மூன்று சின்னப் பத்திகள், அதில் கடைசிப் பத்தி முழுக்க இதுதான்: மென்பொருள் இருக்கிறபடி கொடுக்கப்படுகிறது, எந்த உத்தரவாதமும் கிடையாது, இதனால் வரும் இழப்புக்கு எழுதியவர் பொறுப்பில்லை. ஜிபிஎல், அப்பாச்சி போன்ற மற்ற லைசென்ஸ்களிலும் இதே பொருளில் பிரிவுகள் உண்டு. பக் ரிப்போர்ட்டுக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும், மற்றவர்கள் அனுப்பும் திருத்தத்தைச் சேர்த்தே ஆக வேண்டும் என்று எந்த ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸும் கேட்பதில்லை. எஸ்கியூலைட் என்ற டேட்டாபேஸ் மென்பொருளைப் பாருங்கள். 2000இல் வெளிவந்தது, இன்று ஏறக்குறைய எல்லா ஸ்மார்ட்போனிலும் எல்லா பெரிய பிரவுசரிலும் இருக்கிறது, முழு நிரலும் பொது உடைமை; ஆனால் வெளியாட்கள் எழுதும் நிரலை அவர்கள் ஏற்பதில்லை, ஓப்பன் சோர்ஸ்தான், ஆனால் பங்களிப்புக்குத் திறந்ததில்லை என்று தங்கள் தளத்திலேயே வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிறார்கள். அவ்வளவு பெரிய திட்டமே அப்படி இருக்கலாம் என்றால், நீங்கள் ரீட்மீயில் (நிரலோடு வைக்கும் அறிமுகக் கோப்பில்) "இது எனக்காக எழுதியது, பயன்பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள், பதில் வர மாதங்கள் ஆகலாம்" என்று இரண்டு வரி எழுதுவதில் எந்தத் தவறும் இல்லை. ஒரு வருடம் கழித்து நேரம் இல்லையென்றால் ரெப்போவை (நிரலை வைத்திருக்கும் களஞ்சியத்தை) ஆர்க்கைவ் செய்துவிடுங்கள். யாரும் அதில் எதுவும் மாற்ற முடியாது, படிக்கலாம், ஃபோர்க் செய்துகொள்ளலாம், அதாவது தனக்கென ஒரு பிரதி எடுத்து அதை மாற்றிக்கொள்ளலாம். அதில் அசிங்கம் ஒன்றும் கிடையாது. பதிலே வராத ரெப்போ ஒன்று உயிரோடு இருப்பதுபோல் கிடப்பதுதான் மற்றவர்களின் நேரத்தை வீணாக்கும்.

ஆக, நிரலை வெளியிடலாமா என்ற கேள்விக்கு என் பதில், தயங்காமல் வெளியிடுங்கள். ஆனால் பொத்தானை அழுத்தும் முன் இரண்டு விஷயங்களைப் பார்த்துவிட வேண்டும். முதலாவது உங்கள் வேலை ஒப்பந்தம். மென்பொருள் நிறுவன ஒப்பந்தங்கள் பலவற்றில், வேலையில் இருக்கும் காலத்தில் எழுதும் நிரலின் உரிமை யாருக்கு என்று ஒரு பிரிவு இருக்கும். சிலவற்றில் அது அலுவலக நேரம், அலுவலக லேப்டாப் என்பதோடு நிற்கும், சிலவற்றில் நிறுவனத்தின் தொழிலோடு தொடர்புள்ள எதையும் இழுத்துக்கொள்ளும். அது எந்த அளவு செல்லுபடியாகும் என்பது நாட்டுக்கு நாடு மாறும், அதை ஒப்பந்தத்தைப் படித்த வக்கீல்தான் சொல்ல முடியும். உங்களுடையது புத்தகக் குறிப்பு ஆப் என்பதால் பெரும்பாலும் சிக்கல் வராது என்பது என் கணிப்பு. இருந்தாலும் படித்துவிடுங்கள், சந்தேகம் இருந்தால் எழுத்தில் ஒரு அனுமதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, கிட் ஹிஸ்டரி, அதாவது நிரலில் செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் ஒரு கமிட்டாகக் கிட் என்ற கருவி சேமித்து வைத்திருக்கும் வரலாறு. இதில் சந்தேகத்துக்கே இடமில்லை. டேட்டாபேஸ் பாஸ்வேர்டோ, மின்னஞ்சல் அனுப்பும் சேவையின் ஏபிஐ சாவியோ என்றைக்காவது ஒரு கமிட்டில் போயிருந்தால், அடுத்த கமிட்டில் அதை நீக்கியிருந்தாலும் பழைய கமிட்டில் அப்படியே இருக்கும். பொது ரெப்போக்களில் சாவி தேடுவதற்கென்றே ஓடிக்கொண்டிருக்கும் தானியங்கி நிரல்கள் (பாட்கள்) உண்டு. தனி ஆளாக எழுதிய சின்னத் திட்டத்துக்கு எளிய வழி, இப்போதைய நிரலை மட்டும் எடுத்துப் புது ரெப்போவில் ஒரே கமிட்டாகப் போட்டு அதை வெளியிடுவது. பழைய ஹிஸ்டரி உங்களிடம் தனியாக இருக்கட்டும். அப்படிச் செய்தாலும், ஹிஸ்டரியில் இருந்த சாவிகளை ரத்து செய்து புதிது வாங்கிவிடுங்கள். அப்புறம், சோதனைக்காக வைத்திருக்கும் டேட்டாபேஸ் கோப்பில் உங்கள் நண்பர்களின் உண்மையான பெயரும் மின்னஞ்சலும் இருக்கிறதா என்றும் ஒரு முறை தேடிப் பாருங்கள். சாவி கசிந்தால் மாற்றிக்கொள்ளலாம், இதை மாற்ற முடியாது.

லைசென்ஸுக்கு வருகிறேன். லைசென்ஸ் எதுவும் போடாமல் ரெப்போவைப் பொதுவில் வைப்பது ஓப்பன் சோர்ஸ் ஆகாது. எதுவும் சொல்லவில்லை என்றால் பதிப்புரிமை முழுக்க உங்களிடம்தான். நிரல்களை வைக்கும் தளமான கிட்ஹப்பின் விதிகள்படி மற்றவர்கள் அந்தத் தளத்துக்குள் பார்க்கலாம், ஃபோர்க் செய்யலாம், அவ்வளவுதான். எம்ஐடி போட்டால், உங்கள் பதிப்புரிமைக் குறிப்பைப் பிரதிகளில் வைத்திருக்க வேண்டும் என்ற ஒரு நிபந்தனையோடு யார் வேண்டுமானாலும் எதற்கு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், விற்கவும் செய்யலாம். அப்பாச்சி 2.0 ஏறக்குறைய அதேதான், கூடவே காப்புரிமை (பேட்டண்ட்) பற்றிய அனுமதியும், திட்டத்தின் பெயரையும் முத்திரையையும் பயன்படுத்த இது உரிமை தராது என்ற வரியும் அதில் இருக்கின்றன. ஜிபிஎல்லின் இன்னொரு வடிவமான ஏஜிபிஎல் உங்கள் பயத்துக்கு ஓரளவு பதில் சொல்ல வந்தது. சாதாரண ஜிபிஎல், பிரதியைக் கைமாற்றிக் கொடுக்கும்போதுதான் மூல நிரலைக் கொடுக்கச் சொல்லும். வெப் ஆப்பில் யாரும் பிரதி கொடுப்பதில்லை, சர்வரில் ஓடுவதைப் பிரவுசரில் பயன்படுத்துகிறார்கள், அதனால் அந்த நிபந்தனை பெரும்பாலும் தொடாமலே போய்விடும். 2007இல் வந்த ஏஜிபிஎல் பதிப்பு 3, தன் 13ஆம் பிரிவில் அந்த ஓட்டையை அடைக்கிறது: நிரலை மாற்றி, அதை நெட்வொர்க் வழியாக மற்றவர்களுக்குப் பயன்படுத்தக் கொடுத்தால், அந்த மாற்றங்களோடு கூடிய மூல நிரலை அவர்களுக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும்.

இதில் பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று உண்டு. ஏஜிபிஎல் யாரையும் காசு சம்பாதிக்க விடாமல் தடுப்பதில்லை. ஒருவர் உங்கள் ஆப்பை ஒரு வரிகூட மாற்றாமல் ஓட்டிக் கட்டணம் வாங்கினால், அதற்கு லைசென்ஸில் தடை கிடையாது. சரி, வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்றே ஒரு வரி போட்டுவிடலாமே என்றால், போடலாம், ஆனால் அதற்குப் பிறகு அதை ஓப்பன் சோர்ஸ் என்று அழைக்க முடியாது. 1998 முதல் ஓப்பன் சோர்ஸ் இனிஷியேட்டிவ் என்ற அமைப்பு வைத்திருக்கும் வரையறையில், எந்தத் துறையில் பயன்படுத்துவதையும் தடுக்கக் கூடாது என்பது ஒரு விதி. கிரியேட்டிவ் காமன்ஸின் வணிகமற்ற லைசென்ஸைச் சிலர் நிரலுக்குப் போடுகிறார்கள். தங்கள் லைசென்ஸை மென்பொருளுக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று அந்த அமைப்பே சொல்கிறது.

இனி வருவது என் கணிப்பு. சின்ன வெப் ஆப்பை யாரோ எடுத்து அதில் பெரும் பணம் பார்த்துவிடுவார்கள் என்ற பயம் எழுதியவருக்குப் பெரிதாகத் தெரியும், நடைமுறையில் மிக அரிது. நிரல் கிடைப்பது பெரிய விஷயம் இல்லை. அதை ஓட்டி, பயனர்களைச் சேர்த்து, மின்னஞ்சலுக்குப் பதில் போட்டு, வருடக்கணக்கில் உட்கார்ந்திருப்பதுதான் கடினம், அதற்குத் தயாராக இருப்பவர் உங்கள் நிரல் இல்லாமலும் தானாகவே எழுதிக்கொள்வார். அதனால் உங்கள் மனதைக் கேட்டு முடிவு செய்யுங்கள். யார் எடுத்தாலும் சந்தோஷம் என்றால் எம்ஐடி. மேம்படுத்துகிறவர்கள் அந்த மேம்பாட்டையும் திறந்து வைக்க வேண்டும் என்று நினைத்தால் ஏஜிபிஎல். பிளாசிபிள் அனலிட்டிக்ஸ் என்ற இணையப் புள்ளிவிவர ஆப் எம்ஐடியில் தொடங்கி 2020இல் ஏஜிபிஎல்லுக்கு மாறியது, தங்கள் நிரலை எடுத்துப் பெரிய நிறுவனங்கள் திருப்பிக் கொடுக்காமல் விற்பதைத் தடுக்கவே மாறுகிறோம் என்று காரணமும் சொன்னார்கள். அவர்களுக்கு அது தொழில். ஏஜிபிஎல்லுக்கு ஒரு விலையும் உண்டு: கூகுள் போன்ற சில பெரிய நிறுவனங்கள் ஏஜிபிஎல் நிரலைத் தங்களுக்குள் பயன்படுத்தவே கூடாது என்று விதி வைத்திருக்கின்றன. புத்தகக் குறிப்பு ஆப்புக்கு அது ஒரு நஷ்டமா என்று கேட்டால், இல்லை.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் முதல் நாளே தேர்ந்தெடுங்கள். நீங்கள் ஒருவரே எழுதியிருக்கும்வரை லைசென்ஸை நாளைக்கு மாற்றுவது உங்கள் இஷ்டம், ஏற்கெனவே வெளியானது மட்டும் பழைய லைசென்ஸிலேயே இருக்கும். பத்துப் பேர் ஆளுக்குக் கொஞ்சம் எழுதிச் சேர்த்த பிறகு நிலைமை வேறு, அவரவர் எழுதிய பகுதிக்கு உரிமை அவரவரிடம். விஎல்சி பிளேயரின் மைய நிரலை 2011இல் ஜிபிஎல்லிலிருந்து எல்ஜிபிஎல் என்ற சற்றுத் தளர்வான லைசென்ஸுக்கு மாற்றியபோது, வருடக்கணக்காக எழுதியவர்களை ஒவ்வொருவராகத் தேடிப்பிடித்து ஒப்புதல் வாங்க வேண்டியிருந்தது.

ரியாக்டில் திரும்ப எழுத வேண்டுமா என்பதற்கு நேரான பதில், வேண்டாம். பத்து நிரலாளர்கள் முழு நேரமாக வேலை செய்யும் ஆப்புக்கு உள்ள தேவைகள் வேறு, நீங்கள் நான்கு மாதம் தொடாமல் விட்டுவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை திறக்கப்போகும் ஆப்புக்கு உள்ள தேவை வேறு. சைடு ப்ராஜெக்ட்டின் தொழில்நுட்பத்தை நான் ஒரே ஒரு கேள்வியால்தான் அளப்பேன்: நீண்ட இடைவெளிக்குப் பிறகு வந்து ஒரு சின்ன பக்கைச் சரிசெய்து மறுபடி சர்வரில் ஏற்ற எவ்வளவு நேரம் ஆகும்? பில்ட் கருவி மாறிவிட்டது, பேக்கேஜ் பதிப்பு ஒத்துப்போகவில்லை, முன்பு இருந்த வழி இப்போது இல்லை என்று பாதி நாள் போனால், அந்தத் திட்டம் சீக்கிரமே கைவிடப்படும், எழுதியவருக்கு ஆர்வம் இருந்தும்கூட. சர்வரிலேயே ஹெச்டிஎம்எல் தயாரித்து அனுப்பும் பழைய முறை இந்த அளவுகோலில் நன்றாகவே தேறும். 1990களில் எழுதிய சாதாரண ஹெச்டிஎம்எல் பக்கம் இன்றைய பிரவுசரிலும் திறக்கிறது. 2010இல் வந்து ஊரெல்லாம் கொண்டாடிய, ரியாக்ட் போன்ற ஆங்குலர்ஜேஎஸ் கருவிக்கு 2021 முடிவோடு ஆதரவு நின்றுவிட்டது. நீங்கள் ஜாங்கோ என்ற ஃப்ரேம்வொர்க்கில் (வெப் ஆப் எழுதுவதற்கான அடித்தளத் தொகுப்பில்) எழுதியிருப்பதாகச் சொல்கிறீர்கள். அதன் நீண்டகால ஆதரவுப் பதிப்புகளுக்கு மூன்று வருடம் வரை பாதுகாப்புத் திருத்தம் வரும், தனி ஆளுக்கு இது பெரிய நிம்மதி. ரியாக்ட் கற்றுக்கொள்ள ஆசை என்றால் தாராளமாகக் கற்றுக்கொள்ளுங்கள், இன்னொரு திட்டத்தில். ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றை வெளியிடுவதற்கு அதை முன்நிபந்தனை ஆக்காதீர்கள்.

டிபெண்டன்சி விஷயத்தில், அதாவது மற்றவர்கள் எழுதிய பேக்கேஜ்களைச் சேர்ப்பதில், கஞ்சத்தனமாக இருங்கள். 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற 11 வரி பேக்கேஜை அதை எழுதியவர் ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களின் பொதுக் களஞ்சியமான என்பிஎம்மிலிருந்து எடுத்துவிட்டார், அதை நேரடியாகக் கேள்விப்பட்டே இராத ஆயிரக்கணக்கான திட்டங்களின் பில்ட் நின்றுபோனது. நீங்கள் சேர்க்கும் ஒவ்வொரு பேக்கேஜும் முன்பின் தெரியாத ஒருவர் தொடர்ந்து ஒழுங்காக இருப்பார் என்ற நம்பிக்கைதான். இருபது வரியில் எழுத முடிவதை எழுதிவிடுங்கள், லாக் ஃபைலை (எந்தப் பேக்கேஜ், எந்தப் பதிப்பு என்ற பட்டியலை) ரெப்போவில் வைத்திருங்கள், பாதுகாப்பு எச்சரிக்கை வந்தால் மட்டும் உடனே பாருங்கள். இதில் விதிவிலக்கு ஒன்று: லாகின், பாஸ்வேர்டு, செஷன் இவற்றை மட்டும் சொந்தமாக எழுதாதீர்கள், ஃப்ரேம்வொர்க்கில் வருவதை அப்படியே பயன்படுத்துங்கள்.

டேட்டாபேஸுக்கு எஸ்கியூலைட் போதுமா என்ற சந்தேகமும் வரலாம். போதும். ஒரு நாளைக்கு ஒரு லட்சம் ஹிட்டுக்குக் குறைவான தளத்துக்கு அது தாங்கும் என்று அவர்கள் ஆவணமே சொல்கிறது, நீங்கள் அதற்குப் பக்கத்தில்கூடப் போகப்போவதில்லை. ஒரே நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும் என்பது அதன் வரம்பு. வால் (WAL, மாற்றங்களை முதலில் தனிக் கோப்பில் எழுதும்) முறையை இயக்கிவிட்டால், ஒருவர் எழுதும்போது மற்றவர்கள் படிப்பது தடைபடாது. ஆனால் பேக்கப் எடுக்கும்போது கவனம். ஆப் ஓடிக்கொண்டிருக்கும்போது டேட்டாபேஸ் கோப்பைச் சும்மா காப்பி செய்தால் அரைகுறையான பிரதி கிடைக்கலாம், அதுவும் உங்களுக்குத் தேவைப்படும் அன்றுதான் தெரியவரும். அதற்கென்றே இருக்கும் பேக்கப் கட்டளையையோ வேக்யூம் இன்டூ கட்டளையையோ பயன்படுத்துங்கள், பிரதியை வேறொரு இடத்துக்கு அனுப்புங்கள், அவ்வப்போது அதைத் திறந்து உள்ளே எல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள். திரும்ப எடுத்துப் பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் என்று கணக்கில் வைப்பதில்லை.

இப்போது அந்த இரண்டாவது வேலை, சேவையை ஓட்டுவது. நண்பர்களுக்காக ஓடும் சர்வரை எல்லோருக்கும் திறந்துவிடப் போகிறீர்களா? வேண்டாம் என்பதே என் ஆலோசனை, குறைந்தது இப்போதைக்கு. யார் வேண்டுமானாலும் கணக்கு தொடங்கலாம் என்று ஒரு படிவம் வைத்த சில நாட்களிலேயே ஸ்பேம் கணக்குகள் வரும், குறிப்பு எழுதும் பெட்டியில் விளம்பர இணைப்புகள் நிரம்பும், பாஸ்வேர்டு மறந்தவர்களுக்கு அனுப்பும் மின்னஞ்சல் ஸ்பேமில் போய் விழும், அதைச் சரிசெய்ய, மின்னஞ்சல் உண்மையில் உங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்று டொமைன் அமைப்புகளோடு மல்லுக்கட்ட வேண்டும். இதில் எதுவும் நீங்கள் ஆசைப்பட்டு எழுதிய ஆப் இல்லை. தனிநபர் தகவல் பற்றிய சட்டங்களும் இருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜிடிபிஆர் 2018 மே மாதம் முதல் அமலில் இருக்கிறது, பொதுமக்களுக்கான சேவை சின்னது, இலவசம் என்பதால் மட்டும் அதிலிருந்து தப்பிவிட முடியாது. இலவச ஹோஸ்டிங்கை நம்பியும் பொதுச் சேவை தொடங்காதீர்கள். ஹெரோகு என்ற ஹோஸ்டிங் சேவை பல வருடம் கொடுத்த இலவசத் திட்டத்தை 2022 நவம்பரில் நிறுத்தியபோது எத்தனையோ சின்ன ஆப்கள் மறைந்தன.

அதற்குப் பதில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பயன்படுத்த விரும்புகிறவர் தன் சர்வரில் தானே நிறுவிக்கொள்ளட்டும் என்று விடுவது. அப்படியென்றால் உங்கள் உழைப்பு நிறுவுவதை எளிதாக்குவதில் போக வேண்டும்: ஒரு டாக்கர் இமேஜ் (ஆப் ஓடத் தேவையானதை எல்லாம் ஒன்றாகக் கட்டிய தொகுப்பு), ஒரு மாதிரி கான்ஃபிக் கோப்பு, தகவல் எல்லாம் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று ஒரு வரி, பழைய பதிப்பிலிருந்து புதியதற்குப் போவது எப்படி என்று இன்னொரு வரி. ரீட்மீயின் முதல் திரையிலேயே ஆப் எப்படி இருக்கும் என்று ஒரு படம் போடுங்கள். என்ன செய்யாது என்பதையும் எழுதுங்கள், தேவையில்லாத கோரிக்கைகளில் பாதி அதிலேயே குறையும்.

இன்னொரு வழி எனக்கு மிகவும் பிடித்தது, சாத்தியமான இடத்தில் எல்லாம் இதைச் சொல்வேன்: மற்றவர்களின் தகவலையே வாங்காமல் இருப்பது. எக்ஸ்காலிட்ரா என்ற படம் வரையும் ஆப் 2020 ஜனவரி 1 அன்று ஒருவர் விளையாட்டாகத் தொடங்கியது. அதில் நீங்கள் வரைவது உங்கள் பிரவுசரிலேயே சேமிக்கப்படும், கணக்கு தொடங்கத் தேவையில்லை. மற்றவர்களோடு பகிரும்போது தகவல் பிரவுசரிலேயே பூட்டப்பட்டு சர்வருக்குப் போகிறது, திறக்கும் சாவி இணைப்பில் ஹாஷ் (#) குறிக்குப் பிறகு வரும் பகுதியில் இருக்கிறது. அந்தப் பகுதியைப் பிரவுசர் சர்வருக்கு அனுப்புவதே இல்லை, அதனால் சர்வர் நடத்துபவர் நினைத்தாலும் திறந்து படிக்க முடியாது. அழகான அமைப்பு. உங்கள் புத்தகக் குறிப்பையும் இப்படிப் பிரவுசருக்குள்ளேயே வைத்தால், பொதுவில் விடுவது வெறும் சில நிலையான கோப்புகளை வைப்பதாகச் சுருங்கிவிடும், பாஸ்வேர்டு இல்லை, கசிவதற்கும் எதுவும் இல்லை. குறையும் உண்டு. பிரவுசர் சேமிப்பு நிரந்தரம் இல்லை; சஃபாரியில் 2020 முதல், பிரவுசரைப் பயன்படுத்தும் ஏழு நாட்களுக்குள் உங்கள் தளத்தை ஒரு முறையும் தொடவில்லை என்றால், ஸ்கிரிப்ட் வழியாகச் சேமித்தது அழிக்கப்படும். அதனால் கோப்பாக இறக்கி வைக்கவும் திரும்ப ஏற்றவும் பொத்தான் இருந்தே ஆக வேண்டும், பயனரிடம் அதைத் தெளிவாகச் சொல்லவும் வேண்டும். இந்த வழிக்கு ஆப்பை ஓரளவு மாற்றி எழுத வேண்டியிருக்கும், அந்த உழைப்பு உங்களுக்குத் தகுமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஆப் கொஞ்சம் பிடித்துப்போனால் ஆட்கள் வருவார்கள். பெரும்பாலும் நல்லவர்கள். புது வசதி கேட்பார்கள், சிலர் எழுதியே அனுப்புவார்கள். ஒரு வசதியைச் சேர்ப்பது என்றால் அதை எழுதியவர் போன பிறகும் அதன் பக்குகளை நீங்கள் பார்ப்பது என்று பொருள், அதனால் "நன்றி, இந்தத் திட்டத்துக்கு இது வேண்டாம், உங்கள் ஃபோர்க்கில் வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிப் பழகுங்கள். சீக்கிரம் சொல்லுங்கள். மாதக்கணக்கில் பதில் சொல்லாமல் தொங்கவிடுவது மறுப்பதைவிட அவர்களை நோகடிக்கும்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் மிகக் கவனமாக இருக்கச் சொல்வேன், அது பொறுப்பை ஒப்படைப்பது. களைத்துப்போன நேரத்தில் ஒருவர் வந்து நான் பார்த்துக்கொள்கிறேன் என்றால் கொடுத்துவிடத் தோன்றும். 2018இல் ஈவென்ட்-ஸ்ட்ரீம் என்ற மிகப் பிரபலமான என்பிஎம் பேக்கேஜை எழுதியவர், ஆர்வமாகக் கேட்ட ஒருவரிடம் கொடுத்தார். அவர் அதில் கிரிப்டோ வாலட் திருடும் நிரலைச் சேர்த்துவிட்டார். 2024இல் வெளிவந்த, கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற மென்பொருளின் விவகாரம் இன்னும் ஆழமானது. தனி ஆளாகப் பராமரித்துக் களைத்திருந்தவரிடம், ஒருவர் இரண்டு வருடத்துக்கும் மேலாகப் பொறுமையாக நல்ல திருத்தங்கள் அனுப்பி நம்பிக்கை சம்பாதித்தார், இடையில் வேறு பெயர்களில் சிலர் வந்து வேலை மெதுவாக நடக்கிறது, இன்னொருவரிடம் பொறுப்பைக் கொடுங்கள் என்று நெருக்கினார்கள், கடைசியில் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்வாசல் (மற்றவர்களின் சர்வருக்குள் ரகசியமாக நுழைய ஒரு வழி) நுழைந்தது. எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் முறை) லாகின் அரை விநாடி மெதுவாகிறதே என்று துருவிப் பார்த்த ஆண்ட்ரெஸ் ஃப்ராயண்ட் என்ற போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ் நிரலாளரால்தான் அது பரவும் முன் பிடிபட்டது. உங்கள் ஆப் அந்த அளவுக்கு யாரையும் ஈர்க்காது என்பது உண்மைதான். இருந்தாலும் மற்றவர்கள் தங்கள் சர்வரில் நிறுவியிருக்கும் ஒன்றின் ரிலீஸ் உரிமையை அறிமுகமில்லாதவரிடம் கொடுப்பதைவிட, திட்டத்தை ஆர்க்கைவ் செய்துவிட்டு, அவருடைய ஃபோர்க்குக்கு ரீட்மீயில் ஒரு இணைப்பு கொடுங்கள். யார் அவரை நம்புகிறார்களோ அவர்கள் தாங்களாக மாறிக்கொள்வார்கள்.

பணம் வருமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் ஒரு வரி. நன்கொடையால் சர்வர் செலவு தேறலாம், சின்ன ஆப்புக்கு அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். நிரலைத் திறந்து வைத்தே பிழைப்பவர்கள் இருக்கிறார்கள், பிளாசிபிளும் வலைப்பதிவு மென்பொருளான கோஸ்ட்டும் அப்படித்தான், ஆனால் அவர்கள் விற்பது நிரலை ஓட்டிக் கொடுக்கும் சேவையை, அதாவது நான் இப்போதைக்கு வேண்டாம் என்று சொன்ன அந்த இரண்டாவது வேலையை, முழு நேரமாக.

கடைசியாக, இப்போதே கணக்கு வைத்திருக்கும் நண்பர்கள். நிரலை வெளியிடுவதற்கு முன்பே அவர்களுக்கு ஒரு எக்ஸ்போர்ட் பொத்தான் கொடுங்கள், தங்கள் குறிப்பு முழுவதையும் சிஎஸ்வியாகவோ ஜேசனாகவோ எடுத்துக்கொள்ளட்டும். தளத்தின் பாதுகாப்புச் (ஹெச்டிடிபிஎஸ்) சான்றிதழைப் புதுப்பிப்பது தானாக நடக்கிறதா என்று பாருங்கள். இலவசமாகச் சான்றிதழ் கொடுக்கும் லெட்ஸ் என்க்ரிப்ட் வழக்கமாகத் தரும் சான்றிதழ் 90 நாள்தான் செல்லும், காலாவதி ஆகப்போகிறது என்று அனுப்பிவந்த மின்னஞ்சலையும் 2025இல் நிறுத்திவிட்டார்கள், அதனால் வெளியிலிருந்து தளத்தைக் கண்காணிக்கும் ஏதாவது ஒன்று வேண்டும். என்றைக்காவது சர்வரை நிறுத்த முடிவு செய்தால், சில மாதம் முன்கூட்டியே சொல்லி, முதலில் புதுக் குறிப்பு எழுதுவதை மட்டும் நிறுத்தி, படிக்கவும் இறக்கவும் மட்டும் விட்டு வையுங்கள், பிறகு டேட்டாபேஸையும் அதன் பேக்கப்களையும் அழியுங்கள். டொமைனை மட்டும் உடனே விட்டுவிடாதீர்கள். காலாவதியான டொமைனை யார் வேண்டுமானாலும் வாங்கலாம், வாங்கியவர் அந்தப் பெயருக்கு வரும் மின்னஞ்சல்களைப் பெறலாம், உங்கள் பழைய லாகின் பக்கத்தைப் போலவே ஒன்றை வைத்து உங்கள் நண்பர்களிடம் பாஸ்வேர்டு கேட்கலாம். பழைய இணைப்புகளும் புக்மார்க்குகளும் வழக்கொழியும்வரை, இன்னும் சில வருடங்களாவது அதைப் புதுப்பித்து, ரெப்போவுக்கு ஒரு இணைப்பு உள்ள வெறும் பக்கம் ஒன்றை அதில் வைத்திருங்கள்.